கராஜில் இறக்கிய இன்ஜின்

1977-ஆம் ஆண்டின் செவ்ரலே பிக்கப் டிரக் ஒன்றின் பானெட்டைத் திறந்தால் உள்ளே 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் இன்ஜின் இருக்கும். நான்கு பேரல் கார்புரேட்டர் பொருத்திய அந்த இன்ஜினுக்கு நிறுவனம் அறிவித்த சக்தி ஏறத்தாழ 165 குதிரைத்திறன்தான். இன்றைக்கு 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் பூட்டிய குடும்பக் கார் அந்த அளவைத் தொட்டுவிடுகிறது. அவ்வளவு பெரிய இரும்பு ஏன் அவ்வளவு குறைவாக இழுத்தது? வீட்டுக் கராஜிலேயே அதை இறக்கி, பிரித்து, மாற்றிக் கட்டினால் எவ்வளவு கிடைக்கும்? அமெரிக்காவில் பழைய பிக்கப் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோர் வார இறுதிகளில் கையில் ஸ்பானரோடு விடை தேடும் கேள்வி இது.

முதல் கேள்விக்கான விடை இன்ஜினின் இரும்பில் இல்லை, அன்றைய சட்டத்தில் இருக்கிறது. 1970-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. ஈயமில்லாத, ஆக்டேன் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப 1971 முதல் செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் இன்ஜின்களின் கம்ப்ரஷன் விகிதத்தை இறக்கியது. 1975 மாடல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. புகையைக் குறைக்க இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளினார்கள், கேம் ஷாஃப்டைச் சாதுவாக்கினார்கள், எக்ஸாஸ்டை அடைத்தார்கள். இதில் கொஞ்சம் காகிதக் கணக்கும் உண்டு. 1971 வரை சக்தியை அளக்கும்போது ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் வெறும் இன்ஜினை ஓட்டி அளந்தார்கள். பிறகு வண்டியில் இருக்கும் நிலையிலேயே அளக்கத் தொடங்கினார்கள். கார்வெட் காரின் எல்டி-1 இன்ஜின் 1971-இல் 330 குதிரைத்திறன், 1972-இல் 255. ஒரு வருடத்தில் மாறியது பெரும்பாலும் அளவுகோல்தான்.

ஃபோர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற எஃப்-150 பிறந்ததே இந்தச் சட்டத்தின் ஓட்டை வழியாகத்தான். மொத்த எடை 6,000 பவுண்டுக்கு (சுமார் 2,720 கிலோ) மேல் தாங்கும் வண்டிகளுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அப்போது கட்டாயமில்லை. 1975-இல் அந்த வரம்பைச் சற்றே தாண்டும்படி ஒரு பிக்கப்பை ஃபோர்டு கொண்டுவந்தது. சட்டத்தைச் சுற்றிப் போக வந்த வண்டி பின்னாளில் அந்த நாட்டின் மிகப் பிரபலமான டிரக்காகிவிட்டது.

ஆக, எழுபதுகளின் டிரக் இன்ஜின் நல்ல பிளாக்கின் மேல் மோசமான பாகங்களைப் பூட்டிய இன்ஜின். இதற்கு ஜெனரல் மோட்டார்ஸே பின்னால் சான்று தந்தது. 1996-இல் செவ்ரலே பிக்கப்புகளில் வந்த எல்31 என்ற வோர்டெக் இன்ஜினுக்கும் அதே 4 அங்குல போர், அதே 3.48 அங்குல ஸ்ட்ரோக், அதே 350 கன அங்குலக் (5.7 லிட்டர்) கொள்ளளவு. ஆனால் அறிவித்த சக்தி 255 குதிரைத்திறன், டார்க் 447 நியூட்டன் மீட்டர். காற்றை நன்றாக இழுக்கும் ஹெட், 9.4 கம்ப்ரஷன், ரோலர் கேம், ஃபியூயல் இன்ஜெக்ஷன் ஆகிய நான்கும் சேர்ந்து 90 குதிரைத்திறனை மீட்டன. வீட்டில் இன்ஜின் கட்டுபவர் செய்யப் பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

செவ்ரலேயின் 'ஸ்மால் பிளாக்' இன்ஜின் இந்த வேலைக்குத் தோதாக அமைந்ததற்கு அதன் வயதும் எண்ணிக்கையும் காரணம். தலைமைப் பொறியாளர் எட் கோல் மேற்பார்வையில் உருவாகி 1955 மாடல் வண்டிகளில் 265 கன அங்குலத்தோடு அது வந்தது. பிறகு 283, 327, 1967-இல் 350 என்று வளர்ந்தது. சிலிண்டர் மையங்களுக்கு இடையே 4.4 அங்குல இடைவெளி என்ற அடிப்படை மாறவேயில்லை. 2011 நவம்பரில் 10 கோடியாவது ஸ்மால் பிளாக் தயாரானதாக நிறுவனம் அறிவித்தது (அந்தக் கணக்கில் புதிய தலைமுறை இன்ஜின்களும் அடக்கம்). இவ்வளவு எண்ணிக்கை இருந்தால் பாகம் மலிவாகும், போட்டி வரும், புத்தகம் வரும். 1948-இல் தொடங்கிய 'ஹாட் ராட்' இதழும், சிலிண்டர் ஹெட்டின் காற்றோட்டத்தைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்த டேவிட் விஸார்ட் போன்றோரின் நூல்களும் பல தலைமுறைக் கராஜ் மெக்கானிக்குகளுக்குப் பாடம் சொன்னவை.

ஆனால் 'எல்லாம் எல்லாவற்றிலும் பொருந்தும்' என்ற பேச்சை முழுசாக நம்பக் கூடாது. 1986-இல் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒற்றைத் துண்டாக மாறியது. பழைய கிராங்கும் ஃப்ளைவீலும் புதிய பிளாக்கில் அப்படியே உட்காராது. வோர்டெக் ஹெட்டுக்கு அதற்கே உரிய இன்டேக் மேனிஃபோல்டு வேண்டும். பழையதில் பன்னிரண்டு போல்ட், இதில் எட்டு. பாதிக் கட்டியபின் இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம்.

வீட்டில் எது முடியும், எது முடியாது என்பதில்தான் இந்தக் கலையின் பாதி நேர்மை இருக்கிறது. இன்ஜினை இறக்க ஒரு மடக்குக் கிரேன், நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்ட், மைக்ரோமீட்டர், டார்க் ரெஞ்ச், ரிங் கம்ப்ரசர் இருந்தால் பிரிப்பதும் கோப்பதும் கராஜிலேயே முடியும். மெயின் பேரிங் கேப் ஒவ்வொன்றும் அதே இடத்தில், அதே திசையில் திரும்பப் போக வேண்டும் என்பதால் எண் குறித்துக் கழற்ற வேண்டும். ஒருமுறை ஓடிய டாப்பெட்டை வேறு கேம் முனைமேல் வைக்கக் கூடாது. இவற்றுக்குப் பொறுமை போதும். ஆனால் பிளாக்கை ரசாயனத் தொட்டியில் அவித்துக் கழுவுவது, காந்தத் துகள் தூவி விரிசல் தேடுவது, சிலிண்டரை ரீபோர் செய்து ஹோனிங் போடுவது, கிராங்கைத் தேய்த்துச் சமன்படுத்துவது எல்லாம் மெஷின் ஷாப் வேலை. 'முழுக்க என் கையால் கட்டியது' என்று யாராவது சொன்னால், ரீபோர் செய்த பட்டறை எது என்று கேட்டுப் பார்க்கலாம்.

ரீபோர் என்றால் வழக்கமாக 0.030 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர். அப்போது 350 கன அங்குலம் 355 ஆகிறது. 0.060 வரை போகலாம், அதற்கு மேல் சிலிண்டர் சுவர் மெலிந்து சூடேறும். ஏற்கெனவே ஒருமுறை ரீபோர் செய்த பிளாக்கா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

அளவுகளில் நடக்கும் பிழைதான் பெரும்பாலான வீட்டு இன்ஜின்களைக் கொல்கிறது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே விடவேண்டிய இடைவெளிக்குப் பழைய விதி ஒன்று உண்டு: கிராங்க் ஜர்னலின் விட்டம் எத்தனை அங்குலமோ அத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு. 350-இன் மெயின் ஜர்னல் 2.45 அங்குலம். ஆக 0.0025 அங்குலம், அதாவது 0.06 மில்லிமீட்டர். பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு இழையை ஜர்னல்மேல் வைத்து கேப்பை முறுக்கி, நசுங்கிய அகலத்தைப் பார்த்து இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பிஸ்டன் ரிங்கின் முனை இடைவெளி போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.004, அதாவது 4 அங்குலத்துக்கு 0.016. இதைப் பார்க்காமல் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டினால், சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டி, சிலிண்டரைக் கீறி, பிஸ்டன் விளிம்பையும் உடைக்கும். புதுக் கேமும் பளபளக்கும் வால்வு கவரும் வாங்கியவர் சில நூறு ரூபாய் மதிப்புள்ள ஃபீலர் கேஜை மறந்த கதை எந்த ஊரிலும் நடக்கும்.

அடுத்து ஹெட். சக்தி கூடவேண்டும் என்றால் முதலில் காசு போடவேண்டிய இடம் இது. எழுபதுகளின் டிரக் ஹெட்டில் எரியறை பெரிது, காற்றுப் பாதை குறுகல். 1996 முதல் 2000 வரையிலான வோர்டெக் ஹெட், வார்ப்பு எண் 906 அல்லது 062 உடையது, 64 சி.சி. எரியறை கொண்டது. கழித்த வண்டிகளை உடைத்து விற்கும் காயலான் கடைகளில் இதைத்தான் முதலில் தேடுவார்கள். இதை 355-இல் ஏற்றினால், பொருத்தமான பிஸ்டனோடு, கம்ப்ரஷன் 9-க்கும் 9.5-க்கும் இடையே வரும். இரும்பு ஹெட்டோடு சாதாரண பம்ப் பெட்ரோலில் அதுவே பாதுகாப்பான எல்லை. வோர்டெக் ஹெட்டுக்கும் இரண்டு குறைகள் உண்டு. வால்வு சீட்டுகளுக்கு அருகே விரிசல் விடும், எனவே பழைய ஹெட்டைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. வால்வை ஏறத்தாழ 0.460 அங்குலத்துக்கு மேல் தூக்கும் கேம் போட்டால் ரீடெய்னர் கைடில் இடிக்கும், எனவே மெஷின் ஷாப்பில் கைடைக் குறைக்க வேண்டும். ஈயப் பெட்ரோல் காலத்து ஹெட்டையே வைத்துக்கொள்பவர் எக்ஸாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய சீட்டுகளை இறக்குவது நல்லது. வால்வு சீட்டுக்கு மெத்தைபோல இருந்த ஈயம் இப்போது பெட்ரோலில் இல்லை. சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோலை 1996 ஜனவரி 1 முதல் அமெரிக்கா அடியோடு தடை செய்துவிட்டது.

கேம் ஷாஃப்ட்தான் ஆசை எல்லை மீறும் இடம். பந்தயக் கார்போலத் தடதடவென்று ஐடிலிங் வேண்டும் என்று நீண்ட டியூரேஷன் கேமைப் போட்டால், 2,000 சுழற்சிக்குக் கீழே இழுவை போய்விடும், பவர் பிரேக்குக்கு வேண்டிய வாக்குவமும் குறையும். சுமையோடு மேட்டில் ஏறும் டிரக்குக்கு இது தண்டனை. குதிரைத்திறன் என்பது டார்க்கைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி வரும் எண் மட்டுமே. பிக்கப் வேலை செய்வது 1,500-க்கும் 3,500-க்கும் நடுவே. டாப்பெட் 0.050 அங்குலம் எழுந்த நிலையில் அளந்தால் 205 முதல் 215 பாகை வரையுள்ள கேம் டிரக்குக்குப் போதும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: பின் அச்சின் கியர் விகிதம் என்ன? எரிபொருளை மிச்சப்படுத்த 3.08 போட்ட வண்டியில் அதை 3.73 ஆக்கினால், இன்ஜினைத் தொடாமலேயே சக்கரத்தில் 21 விழுக்காடு டார்க் கூடும். கேம் விற்பவர் யாரும் இதைச் சொல்வதில்லை.

பழைய தட்டை டாப்பெட் கேமுக்கு இந்த நூற்றாண்டில் புதிய எதிரி ஒன்று வந்தது, ஆயில். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்தில் பாஸ்பரஸுக்கு 0.08 விழுக்காடு என்ற உச்சவரம்பு வந்தது. தேய்மானம் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மமும் அதோடு குறைந்தது. புதுக் கேமின் முனைகள் முதல் நாளிலேயே உருண்டுபோன புகார்கள் கிளம்பின. அதனால் ரன்னிங்-இன்னுக்கான தனி ஆயில் வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியே டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றி, ராக்கர் வரை ஆயில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல் 2,000 சுழற்சியையொட்டி ஏற்றி இறக்கி இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். கேமுக்கு ஆயில் கிடைப்பது கிராங்க் சுழன்று தெறிப்பதால்தான், மெதுவாகச் சுழன்றால் தெறிப்பும் குறைவு. ரோலர் டாப்பெட் வாங்க வசதியுள்ளவருக்கு இந்தக் கவலை இல்லை.

கார்புரேட்டர் கணக்கு எளிது. கன அங்குலத்தைச் சுழற்சியால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால் இன்ஜின் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை கன அடி காற்றைக் கேட்கும் என்று வரும். 350 இன்ஜினை 5,500 சுழற்சிக்கு விரட்டினாலும் 557 கன அடிதான். 600 கன அடி கார்புரேட்டர் தாராளம். 750 வாங்கி மாட்டுவதெல்லாம் பேச்சுக்கு உதவுமே தவிர, கீழ்ச் சுழற்சியில் வண்டியைத் திக்க வைக்கும். இப்போது கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும், தானாகவே கலவையைத் திருத்திக்கொள்ளும் இன்ஜெக்ஷன் பெட்டிகள் கிடைக்கின்றன. குளிர் காலையில் ஸ்டார்ட் ஆவதில் இவை கார்புரேட்டரை ஜெயிக்கும், ஆனால் எலக்ட்ரிக் பம்பும் ரிட்டர்ன் லைனும் ஒழுங்கான எர்த்தும் கேட்கும். எப்படியானாலும் பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை மாற்றியே ஆகவேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் அவற்றை அரித்துவிடும், கசிந்தால் கராஜ் எரியும்.

'383 ஸ்ட்ரோக்கர்' என்ற பெயரை இந்த உலகில் கேட்காமல் இருக்க முடியாது. 400 கன அங்குல இன்ஜினின் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்கை, மெயின் ஜர்னல்களைக் குறைத்து, 0.030 ரீபோர் செய்த 350 பிளாக்கில் ஏற்றினால் வருவது இது. கீழ்ச் சுழற்சி டார்க் உண்மையிலேயே கூடும் என்பதால் டிரக்குக்கு அர்த்தமுள்ள மாற்றம்தான். இப்போது தயாராகவே கிராங்குகள் விற்கின்றன. கனெக்டிங் ராடு போல்ட் பிளாக்கிலோ கேமிலோ உரசுகிறதா என்று ஒவ்வொரு சிலிண்டரிலும் சுற்றிப் பார்த்து, இடித்தால் கிரைண்டரால் தேய்க்க வேண்டும்.

எல்லோரும் எட்டு சிலிண்டரைப் பார்க்கும்போது, ஃபோர்டின் 300 கன அங்குல ஆறு சிலிண்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1965 முதல் 1996 வரை டிரக்குகளில் ஓடிய இந்த நேர்வரிசை இன்ஜினுக்கு 4 அங்குல போர், 3.98 அங்குல ஸ்ட்ரோக், ஏழு மெயின் பேரிங். கேமைச் சுற்றுவது செயின் அல்ல, கியர். கடைசிக் கால இன்ஜெக்ஷன் மாடலிலும் சக்தி சுமார் 150 குதிரைத்திறன்தான். ஆனால் 350 நியூட்டன் மீட்டர் அளவிலான டார்க்கை வெறும் 2,000 சுழற்சியில் கொடுத்துவிடும். பார்சல் வேன்களிலும் ஜெனரேட்டர்களிலும் இதே இன்ஜின் உழைத்தது சும்மா இல்லை. வீட்டில் கட்டுபவருக்கு இதில் மூன்று வேலைகள். ஃபைபர் கேம் கியர் பல் கொட்டும் முன் அதை உலோகக் கியராக மாற்றுவது முதலாவது. 1987-க்குப் பிந்தைய இன்ஜெக்ஷன் மாடலின் இரட்டை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளைப் பழைய இன்ஜினில் பூட்டுவது இரண்டாவது. எரியறை சிறிதான ஃபோர்டின் 240 கன அங்குல இன்ஜினின் ஹெட்டை ஏற்றிக் கம்ப்ரஷனை உயர்த்துவது மூன்றாவது. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருப்பதால் மேல்சுழற்சியில் இது மூச்சுவிடத் திணறும். அதற்காக இதைக் கழற்றி எறிந்து வி8 போடுவது, கட்டுரையாளர் பார்வையில், நல்ல சாமானை வீணாக்குவது.

இன்று பழைய இன்ஜினைக் கட்டுவதா என்ற கேள்வியையே புரட்டிப் போட்டது ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை இன்ஜின். 1997 கார்வெட்டில் எல்எஸ்1 வந்தது. 1999 மாடல் டிரக்குகளில் அதே வடிவமைப்பு 4.8, 5.3, 6.0 லிட்டர்களில் இரும்பு பிளாக்கோடு வந்தது. 5.3 லிட்டர் இன்ஜின் தொடக்கத்திலேயே 270 குதிரைத்திறன். லட்சக்கணக்கில் தயாரானதால் விபத்து வண்டிகளிலிருந்து சில நூறு டாலருக்கே கிடைத்தது, இப்போது விலை ஏறிவிட்டது. சக்தியை மட்டும் பார்த்தால், கட்டிய 350-க்கு ஆகும் ரீபோர், ஹெட், கேம் செலவோடு ஒப்பிட்டு எந்தக் கணக்காளரும் 5.3-ஐத்தான் சொல்வார். ஆனால் இன்ஜின் விலை செலவின் தொடக்கம் மட்டுமே. மவுண்ட் பிளேட், வேறு ஆயில் பேன், ஒயரிங் ஹார்னஸ், கம்ப்யூட்டர் டியூனிங், உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், புது எக்ஸாஸ்ட் என்று பட்டியல் நீளும். 350 நொடித்தால் கிராமத்துச் சாலையில் நின்று ஸ்க்ரூ டிரைவரால் சரிசெய்யலாம், இதற்கு லேப்டாப் வேண்டும்.

சட்டத்தை மறந்து இந்த வேலையில் இறங்க முடியாது. புகைக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றுவதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது, தனி நபருக்கும் அது பொருந்தும். நடைமுறையில் மாநிலத்துக்கு மாநிலம் சோதனை வேறுபடும். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. 1976-க்கும் அதற்குப் பிறகும் வந்த வண்டியில் வேறு இன்ஜின் பூட்டினால், அது வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாகவும், தனக்குரிய எல்லாப் புகைக் கருவிகளோடும் இருக்க வேண்டும். பழைய பிக்கப் சந்தையில் 1975-க்கும் 1976-க்கும் விலை வித்தியாசம் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு விடை.

மின்சாரமும் வாசலுக்கு வந்துவிட்டது. 2021-இல் ஃபோர்டு தன் 'எலுமினேட்டர்' மோட்டாரை 281 குதிரைத்திறனோடு தனிப் பாகமாக விற்பனைக்கு வைத்தது. 1978 எஃப்-100 பிக்கப்பில் அப்படி இரண்டைப் பூட்டி 480 குதிரைத்திறனோடு காட்சிக்கும் வைத்தது. ஆனால் விலைப்பட்டியலில் இருந்தது மோட்டார் மட்டும். பேட்டரியும் கன்ட்ரோலரும் வாங்குபவர் பொறுப்பு, செலவில் பெரும்பகுதியும் அதுவே.

எனவே தீர்ப்பு வண்டிக்கு வண்டி மாறும். 300 ஆறு சிலிண்டர் இருந்தால் அதையே கட்டலாம். 350 இருந்து, பிளாக் இன்னும் ரீபோருக்கு இடம் தந்தால், 9.5-க்கு மேற்படாத கம்ப்ரஷன், வோர்டெக் ஹெட், சாதுவான கேம், 600 கன அடி கார்புரேட்டர் போதும். அந்த டிரக் தன் வேலையைச் செய்யும், 1977-இன் 165-ஐ வெகுதூரம் பின்னால் விடும். பிளாக் 0.060-ஐத் தாண்டிவிட்டாலோ விரிசல் இருந்தாலோ, அல்லது வண்டி தினமும் நெடுஞ்சாலையில் ஓடவேண்டியதென்றாலோ, 5.3-தான் சரி. எதுவாக இருந்தாலும், மெஷின் ஷாப் பிளாக்கைச் சோதித்துச் சொல்லும் வரை ஒரு பிஸ்டன் ரிங்குக்குக்கூட ஆர்டர் கொடுக்க வேண்டாம்.